சாப்பாட்டால் வந்த உடம்பில்லை

எனக்கு வாய் நீளம். அது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் கை ஒரு காலத்தில் எவ்வளவு சுருங்கிப்போயிருந்தது என்பது எனக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நாலு பேரும் லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் இருந்தோம். அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. நானும் அண்ணியும் கொழுந்து பறிக்கப் போவோம். அடுப்பு என் பொறுப்பு. சோற்றைப் பங்கு வைப்பதும் நான்தான்.

அண்ணி பூண்டுலோயாவிலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஒல்லி. கூடை நிறைந்தால் கூடைதான் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்று கிண்டல் பண்ணுவோம். மூன்றாம் வருடம் முகம் ஊத ஆரம்பித்தது. கன்னம் உப்பிச் சிவந்து, கண் சிறுத்துப்போனது. வயிறு முன்னே வந்தது, பிடரியில் சதை திரண்டது. மாதாமாதம் தலைக்குக் குளிப்பதும் நின்றிருந்தது. மாசமாக இருக்கிறாள் என்று லயமே சந்தோஷப்பட்டது. பத்து மாதம் தாண்டியும் ஒன்றுமில்லை என்றானதும் அதே வாய்கள் "நல்லா திங்கிறா" என்று பேசின. அதில் என் வாய்தான் முதல் வாய்.

ஏனென்றால் அண்ணிக்கு வேலை ஓடவில்லை. நாங்கள் எல்லோரும் மேலே போய்விட்ட பிறகும் அவர் கீழே ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குந்தினால் எழுந்திருக்க முடியாது, யாராவது கை கொடுக்க வேண்டும். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், "பெரிய வீட்டம்மா வந்துட்டாங்களா?" என்று கங்காணி கேட்பார். எல்லோரும் சிரிப்போம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் உடம்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு அது போதாதா? சோற்றைக் குறைத்தேன். ஒரு நேரத்துக்கு அரை அகப்பை. ரொட்டி என்றால் பாதி. "போதும் அண்ணி, ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்கள்ல" என்பேன். அவருக்கோ பசியான பசி. தட்டை வழித்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். கையும் காலும் குச்சியாகிக்கொண்டே போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. கொழுப்பெடுத்தவள் என்று முடிவு பண்ணியாயிற்று, அப்புறம் எதைக் கவனிக்க?

கடைசியில் கணக்கப்பிள்ளை வேலைப் பதிவிலிருந்து அண்ணியின் பேரை வெட்டப்போவதாகச் சொன்னார். அம்மா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

"அவளைக் கொண்டுபோயி அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வா. ஒங்கண்ணனுக்கு வேற எடம் பாப்போம்."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு, என் மேல் இருக்கும் கோபத்துக்கு அடுத்தபடியாக.

அண்ணி தன் சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தின்போது ஹட்டனில் எடுத்த படத்தைச் சேலை மடிப்புக்குள் வைத்தார். போகிற வழியில் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணி மட்டும் முதுகைப் பிடித்துக்கொண்டு என் மடியில் சாய்ந்தார். வலியில் பேச்சே வரவில்லை. வழியிலிருந்த ஆஸ்பத்திரி வாசலில் கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டார்.

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயது. முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருக்கிறது என்றார். பஸ் குலுங்கியதற்கா எலும்பு நொறுங்கும் என்று அவருக்கே சந்தேகம். துணியை விலக்கி வயிற்றைப் பார்த்தார். கத்தரிப்பூ நிறத்தில் அகல அகலமாகக் கோடுகள். ஒரே காம்பராவில் இருந்த நான் அதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"முந்தி எடுத்த படம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். படத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது சாப்பாட்டாலை வந்த உடம்பில்லை, பிள்ளை" என்றார்.

சிறுநீரகத்துக்கு மேலே எல்லோருக்கும் சின்னதாக ஒரு சுரப்பி உண்டாம். உடம்பு கஷ்டத்தைத் தாங்குவதற்கான ஒன்றை அது அளவாகச் சுரக்குமாம். அண்ணிக்கு அது அளவில்லாமல் சுரக்கிறது போலிருக்கிறது என்றார். கை கால் சதையைக் கரைத்து, எலும்பை அரித்து, முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்ப்பது அதுதான். பசியைக் கிளப்புவதும் அதுதான். இப்படியே விட்டால் ஆள் தப்பாது, கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

"வீட்டிலை சாப்பாடு எப்பிடி?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணிதான் படுத்தபடியே பதில் சொன்னார்.

"அதுக்கெல்லாம் ஒரு கொறையும் இல்லைங்க. இந்தா நிக்கிறாளே, என் நாத்தனா, அகப்பை நெறைய அள்ளி வைப்பா."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

கொழும்பில் சோதித்துப் பார்த்து, சுரப்பியிலிருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். அப்போதாவது அண்ணன் கூடப் போனார். அண்ணி திரும்பி வரப் பல மாதங்கள் ஆயின. படத்தில் இருந்த முகம் பாதிக்கு மேல் வந்திருந்தது. வேறு இடம் பார்க்கிற பேச்சை அம்மா எடுக்கவேயில்லை, எடுத்திருந்தால் என் வாய்க்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நான்தான் சோறு போட்டேன். ஓர் அகப்பை, இன்னோர் அகப்பை, அதற்கு மேலும் ஒன்று. தட்டில் இடமில்லை. அண்ணி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"டாக்டருகிட்ட நான் சொன்ன மாதிரியே போடுறியே" என்றார்.