இரண்டு கார்களுக்கு ஒரு ஷெட்

கொடைக்கானல் கஸ்பார் பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் டிரைவராக இருந்தார். முதலில் இன்ஜினியர் பரமானந்தத்துக்கு. அவர் இறந்தபின் அவருடைய மனைவி இசபெல்லா டீச்சருக்கு. ஓட்டியதும் ஒரே வண்டிதான். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரையிடம் பரமானந்தம் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக்கூரை.

1985 மே மாதம் டீச்சரின் மகன் வெள்ளை மாருதி ஒன்றை வாசலில் நிறுத்திவிட்டு மெட்ராசுக்குப் பஸ்ஸேறினான். ஷெட்டில் ஒரு கார்தான் நிற்கும்.

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க கஸ்பார். எது இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க," என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை பழைய காரில் வத்தலக்குண்டு போய் வந்தார். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங் வழியே உள்ளங்கைக்குத் தெரிந்தது. பெருமாள்மலைப் பனியில் சட்டை நனைந்தது. ஏறும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை மாருதி. சத்தமே இல்லாததால் இன்ஜின் அணைந்துவிட்டதென்று மறுபடியும் சாவியைத் திருகி, அது கறகறவென்று கத்தியதில் பதறிப்போனார். ஒரு மணி நேரம் முன்னதாகவே வீடு வந்துவிட்டது. ஆனால் எந்த வளைவில் பஸ்ஸை முந்தினோம் என்று யோசித்தால் ஒன்றுமே நினைவில்லை. வண்டி நல்ல வண்டியா, தனக்குத்தான் கவனம் போய்விட்டதா?

"எதுல மூட்டு வலிக்கல?" என்று கேட்டாள் மனைவி அருள்மேரி.

"மாருதிலதான்."

"பெறகென்ன?"

"பழசுல வலிச்சதே தெரியலையே, புள்ள."

மறுநாள் வெள்ளனே, பழசே இருக்கட்டும் என்று சொல்லத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

"மாருதி இருக்கட்டும் டீச்சர். நீங்ககூட ஓட்டலாம்."

"நானா?"

எதற்கு அதைச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அறுபத்தொரு வயது டீச்சர் ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பன்னிரண்டே நாளில் கற்றுக்கொண்டார். இடது சீட்டிலிருந்து சொல்லிக்கொடுத்தவரும் கஸ்பார்தான். சிவப்புக் காரை மதுரை டாக்டர் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஆகஸ்டில் டீச்சர் தனியாகவே கோயிலுக்குப் போனார். கஸ்பார் பஸ் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டப் போனார்.

ஒருநாள் மாருதி அவரருகே வந்து நின்றது. "ஏறுங்க, மார்க்கெட்ல விட்டுடறேன்."

பழக்கதோஷத்தில் வலது கதவைத் திறந்தார். உள்ளே டீச்சர் சிரித்தார். சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்தார் கஸ்பார்.

"அன்னைக்கு நீங்க சரியாத்தான் சொன்னீங்க," என்றார் டீச்சர், கியரை மாற்றிக்கொண்டே.

"அப்படிங்களா டீச்சர்?" என்று கேட்டார் கஸ்பார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.