குளியலறை ஜன்னல்

கோபம் வந்தால் சகினா கத்த மாட்டாள், வேலை செய்வாள். மயிலாப்பூரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் குளியலறைச் சுவரை அவள் தேய்த்த தேய்ப்பில் அந்தக் கோபம் முழுக்க இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சுண்ணாம்பு அடித்தாள். சில நாள் சுவர் வெளுத்திருக்கும். அப்புறம் மூலையில் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளி விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஞ்சணம் கூரைவரை ஏறிவிடும். கொடியில் போட்ட துணியெல்லாம் முடைநாற்றம்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலிசெய்து ஓடிய வருஷம், வீட்டுச் சொந்தக்காரர் ஹனீஃபா அந்த அறையின் ஒரே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதாம். சண்டை முடிந்து ராணுவ லாரிகள்கூடப் போய்விட்டன. செங்கல் மட்டும் போகவில்லை.

அவள் கணவர் குலாம் ரசூல் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவர். யாரிடமும் குரலை உயர்த்தத் தெரியாதவர். முன்கட்டில் இருந்த ஹனீஃபாவிடம் போய்ப் போய்க் கேட்டார். ஆகட்டும், பார்க்கலாம் என்றே பதில் வந்தது. கடைசியில், குளித்த தண்ணீரைத் துடைக்காமல் விடுவதுதான் கோளாறு என்று பழியைச் சகினா மேலேயே போட்டார் ஹனீஃபா. அன்றைக்கு அவள் சுவரை இரண்டு தடவை தேய்த்தாள்.

ஐப்பசி மழையில் தரையிலும் பாசி படிந்தது. முகம் கழுவப் போன மகள் வஜீஹா வழுக்கி விழுந்து, தொட்டி விளிம்பில் மோவாய் பிளந்து, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். விசாரிக்க வந்த ஹனீஃபாவிடம், இனியாவது ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்று குலாம் ரசூல் கெஞ்சினார். கதவுத் திரைக்குப் பின்னால் சகினா நின்றிருந்தாள்.

"கோஷாவுல, திரைக்குள்ள கீற பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்கு ஜன்னல் இன்னாத்துக்கு பாய்? மானமா மூடிக் கீது, உட்டுடுங்க," என்றார் ஹனீஃபா.

குலாம் ரசூல் அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தார். அன்றிரவு சகினா கணவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும் சகினா பக்கத்துச் சந்துக்குப் போனாள். அங்கே அவளுக்குப் பழக்கமான முத்தம்மாவின் புருஷன் கொத்துவேலைக்காரன். கடப்பாரை கேட்டதும், அவரையே அனுப்பட்டுமா என்றாள் முத்தம்மா.

"வாணாம்க்கா. நானே இடிக்கணும்."

செங்கற்கள் ஒவ்வொன்றாகக் கொல்லையில் விழுந்தன. உள்ளே பாய்ந்த வெயிலில் சுவரின் அழுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. இதற்குள்ளேயா குழந்தையைக் குளிப்பாட்டினோம் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு ஹனீஃபா வாசலுக்கு ஓடிவந்தார். சகினா முக்காட்டை இழுத்துவிட்டு, திரையைத் தள்ளிக்கொண்டு நேரே அவர் முன்னால் வந்தாள்.

"என் மானத்த நான் பாத்துக்கறேன். மூங்கில் தட்டி கட்டிக்கறேன். நீங்க மறுபடி அடைச்சா நான் மறுபடி இடிப்பேன்."

ஹனீஃபா விருட்டென்று முன்கட்டுக்குத் திரும்பிப் போனார். சாயங்காலம் குலாம் ரசூலை வழிமறித்து, வீட்டைக் காலி செய் என்றார். குலாம் ரசூல் வழக்கமான மெல்லிய குரலிலேயே, காலி செய்ய மாட்டோம், அவள் செய்தது நியாயம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அதற்கப்புறம்தான் சகினா அவருக்கு முகம் கொடுத்துப் பேசினாள்.

அடுத்த மழைக்கும் மூலையில் கொஞ்சம் பூஞ்சணம் வந்தது. ஒரு துடைப்பில் போயிற்று. ஹனீஃபா மேலிருந்த கோபம் போகவில்லை. நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து வந்த சேமியாப் பாயசத்தை அவள் மூடியைக்கூடத் திறக்காமல் முத்தம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.