பக்கத்தில் இருப்பவருக்கு வேலை

வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை. அங்கே நடப்பதை அப்படியே கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் ஒன்றைச் செய்து தரும் வேலை எனக்குக் கிடைத்தது. திரையில் ஆட்கள் நீலப் புள்ளிகளாக நகர்வார்கள். எந்த வேலையை எந்தப் புள்ளிக்குக் கொடுப்பது என்ற விதியை நான்தான் எழுத வேண்டும்.

காய வைக்கும் களத்தில் ஒன்பது பெண்கள். வறுத்த ஜவ்வரிசியைக் கூடையில் தூக்கிப்போய்க் கொட்டிப் பரப்புவார்கள். இரண்டு நாள் ஸ்டாப்வாட்சோடு நின்று பார்த்தேன். வறுக்கும் சட்டியை ஒட்டி நின்ற பெண் மட்டும் கூடையைத் தொடவே இல்லை. வெள்ளிமலையிலிருந்து வந்து தங்கி வேலை பார்ப்பவள். அவள் முறை வரும்போதெல்லாம் களத்தின் மறுகோடியிலிருந்து இன்னொரு அக்கா நடந்து வந்து தூக்கிப் போனார். அதை 'வீண் நடை' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மென்பொருளில் முறை வைத்தும் வேலை கொடுக்கலாம், அதிக நேரம் சும்மா நின்றவருக்கும் கொடுக்கலாம், சும்மா நிற்பவர்களில் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். கடைசி வழியில்தான் களம் சீக்கிரம் நிரம்பியது. முதலாளியிடம் காட்டினேன். மறுநாளே மேஸ்திரி அதை உத்தரவாக்கிவிட்டார்.

ஐந்தாம் நாள் அவரிடமிருந்து போன். "மேடம், சட்டிகிட்ட நிக்கிற பொம்பள கூடையோட வுயுந்துட்டாங்க. பொடவையெல்லாம் ரத்தம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க."

அவளுக்குப் பதிலாகக் கூடை தூக்கிய அந்த அக்கா வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது: விழுந்தவளுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள்.

"வெயிட்டு தூக்கக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. மேஸ்திரி ஆம்பள, அவருகிட்ட இன்னான்னு சொல்றது? அதான் நாங்களே பாத்துக்கினு இருந்தோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க கடியாரத்தயே பாத்துக்கினு இருந்தீங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ங்க."

உள்ளே போனேன். அவள் என்னை அடையாளம் கண்டு, நான் உட்காரக் காலை ஒதுக்கிக்கொண்டாள்.

"என்னால வேல நின்னு போச்சாங்க?"

இல்லை என்றேன். அந்த விதியை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

"தெரியாமதான செஞ்சீங்க," என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷனில் உள்ளே போட்ட தையல் பிரிந்திருந்தது, மறுபடி போட்டார்கள். பத்து நாள் கழித்து அவள் கணவர் வந்து பஸ்ஸில் ஊருக்கு அழைத்துப் போனார். அவள் திரும்பி வேலைக்கு வரவில்லை.

முதலாளியிடம் போய் என் விதியை நிறுத்தச் சொன்னேன். "கணக்குல தப்பாம்மா?" என்று கேட்டார். கணக்கில் தப்பில்லை, ஆட்களிடம் எதையுமே கேட்காமல் கணக்குப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, பழையபடியே நடக்கட்டும் என்றார்.

மென்பொருளில் ஒவ்வொரு ஆளுக்கும் எந்த வேலையைக் கொடுக்கக்கூடாது என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. ஒன்பதையும் நான் காலியாக விட்டிருந்தேன். ஒரு மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களோடு போய் உட்கார்ந்தேன். அந்த அக்கா ஒவ்வொருவராகக் காட்டிச் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். இருவருக்கு மட்டும், "இவங்களுக்குக் கூடை வேணாம்ங்க, அவ்ளோதான்," என்று நிறுத்திக்கொண்டார்.

காரணம் கேட்காமல் குறித்துக்கொண்டேன்.