காப்பகத்துக்காக ஊர் மாறிய அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலருக்கும் அவர், விசேஷ வீடுகளில் பந்தி விசாரிக்கும் சிரித்த முகத்துப் பெரியவர். அதற்கு முந்தைய அப்பாவைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

கான்சாபுரத்தில் கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் கைதேர்ந்தார். எண்பதுகளின் நடுவில் அம்மா மஞ்சள் காமாலையில் காலமானபோது எனக்கு நான்கு வயது, தம்பிக்கு ஒன்று.

சில மாதங்கள் அப்பா எதிர்வீட்டுப் பெண்ணிடம் எங்களை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்ததுபோக வீட்டு வாடகைக்கே பணம் பற்றவில்லை. மில்லில் பிள்ளைக் காப்பகம் இருந்தது. ஆனால் அது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்.

"சட்டம் அப்பிடிண்ணே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கவர்மெண்டு உதவியில ஒண்ணு நடக்கு. காசு கேக்க மாட்டாக, போய்ப் பாருங்க" என்றார் அங்கிருந்த அம்மாள்.

உறவில் வேறு யோசனை ஓடியது. என்னை விடுதியிலும் தம்பியைப் பிள்ளையில்லாத ஒரு வீட்டிலும் விடலாம் என்றார்கள். அம்மாவின் அண்ணன் அதைச் சொல்ல வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டையும் பிரிச்சுட்டு, நான் யாருக்கு மச்சான் மில்லுக்குப் போறேன்?" என்றார் அப்பா. மாமா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் காப்பகத்து டீச்சர் விண்ணப்பத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"தாயோட வேலைச் சான்று வேணும்ண்ணே."

"தாய் இல்ல டீச்சர்."

"அந்த இடத்தைச் சும்மா விட்டா ஆபீஸ்ல திருப்பிருவாகளே."

"என் பேரை எழுதுங்க. குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது எல்லாம் நாந்தான்."

வருமானச் சான்றுக்காக, தம்பியைத் தோளில் போட்டு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார். அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. "தாய் இல்லை, தந்தையே வளர்க்கிறார்" என்று விண்ணப்பத்தில் எழுதிய டீச்சர், தம் பொறுப்பில் ஒரு கடிதமும் இணைத்து அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அனுமதி வந்தது.

உடனே ஸ்ரீவில்லிபுத்தூரின் மடவார் வளாகத்தில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிமாறினோம். காப்பகம் திறக்குமுன்பே மில்லில் முதல் ஷிப்ட் தொடங்கிவிடும். அதனால் அப்பா பழகிய மெஷினை விட்டு, கழிவுப் பஞ்சு குடோனில் குறைந்த சம்பளத்துக்குப் பகல் வேலை கேட்டு வாங்கினார். காலையில் எங்களை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குச் சைக்கிள் மிதிப்பார். மாலையில் அவர் திரும்பும்வரை, காப்பகம் பூட்டிய பிறகும், ஆயா எங்களைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வார்.

கோதுமைக் கஞ்சியின் வாசம், சத்துமாவு உருண்டை, தலையெல்லாம் பஞ்சோடு வந்து நிற்கும் அப்பா. என் பிள்ளைப் பருவம் அவ்வளவுதான், அது போதும். மாதந்தோறும் நடக்கும் தாய்மார் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் ஆண். ஒருநாள் அங்கேயே சடை பின்ன என் தலைமுடியை மூன்றாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, "மூணு காலையும் பிடிச்சுட்டேன் டீச்சர், பொறவு நடுவுல உள்ளது எங்க போகுது?" என்று கேட்டார். அம்மாமார்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் கற்றுக்கொண்டார்.

நாங்கள் பள்ளி சென்ற பிறகு, தொண்ணூறுகளில், மில்லில் யாருக்கு உதவித்தொகை விண்ணப்பம் என்றாலும் அப்பாவைத்தான் தேடி வந்தார்கள். ஒருவரிடமும் முடியாது என்று அவர் சொன்னதில்லை.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அவரோடு இருக்க நான் வேலைக்கு விடுப்பு எடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எங்களுக்காக நீங்க நல்ல மெஷினையே விடலையாப்பா?" என்றேன்.

"அது கஷ்டமா? ஷிப்டுல கிடந்தா உங்க மூஞ்சியைத் தூக்கத்துலதான் பாத்திருப்பேன். அந்த வேலையிலதான பகல் வெளிச்சத்துல பாத்தேன்" என்றார்.

அந்தப் பகல் வெளிச்சத்தை எங்கள் மூவருக்கும் தந்த டீச்சருக்கும் ஆயாவுக்கும், கடைசிவரை உடன் நின்ற உங்கள் அனைவருக்கும், தம்பியும் நானும் கைகூப்புகிறோம்.