அப்பா பின்னால வாராக

தெருமுனை இஸ்திரி வண்டியில் கரியை ஊதிவிட்டார்கள். புகை மூக்கில் ஏறியதும் என் நடை தானாக வேகமெடுத்தது.

நான் சிறுமியாக இருந்த யுத்தகாலத்தில் பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடின. ராஜபாளையத்து மாமா வீட்டிலிருந்து நானும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா பட்டாளத்தோடு பர்மாவில் இருந்தார். பாதி வழியில் பஸ் புகை கக்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி வேகமாக நடந்தார்கள். என் சின்னக் காலால் நாங்கள் பின்தங்கிவிட்டோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா தாலியை ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டாள்.

புளியமரத்தடியில் நின்ற ஒருவன் எங்களோடு சேர்ந்து நடந்தான்.

"துணைக்கு ஆம்பள யாரும் வரலையா தாயி?" அவன் கண் அம்மாவின் கழுத்தில் இருந்தது.

அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. யார் கேட்டாலும் சொல்லவேண்டும் என்று அவள் பழக்கியிருந்ததைச் சொன்னேன்.

"அப்பா பின்னால வாராக."

அவன் நின்று, வந்த பாதையைப் பார்த்தான். நானும் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"ஏட்டி, திரும்பிப் பாக்காத," அம்மா காதுக்குள் சொன்னாள். "நீ தேடுனா, யாரும் வரலைன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகும்."

அவன் நிற்கிறானா, வருகிறானா, தெரியவில்லை. முதுகெல்லாம் காதாக நடந்தேன். ஊர் எல்லையில் மடவார் வளாகத்துக் கோயில் கோபுரம் தெரிந்த பிறகுதான் அம்மா கையைத் தளர்த்தினாள்.

அப்பா பர்மாவிலிருந்து வரவேயில்லை.

இஸ்திரி வண்டி பின்தங்கிவிட்டது. இப்போதும் பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்கிறது. நான் திரும்பவில்லை. பார்த்தால் தெரிந்துபோகும்.