ஹோல்டில் வைத்த ஊசி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எழுத்துள்ள எந்தத் தாள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பதும் நான்தான், சிலிண்டர் ரசீதை வாசிப்பதும் நான்தான். அந்தப் பெருமையில்தான் மாட்டிக்கொண்டேன்.

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா, "ஃப்ளூ காய்ச்சல் பரவுது, ஒரு தடுப்பூசி போட்டுக்கறது நல்லது. வீட்ல பேசிட்டு வாங்க" என்றார். மனைவி தலையாட்டினாள். நான் மட்டும், "விவரத் தாள் இருந்தா குடுங்க மேடம், படிச்சுப் பாத்துடறேன்" என்று கேட்டு வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அகராதியோடு உட்கார்ந்தேன். பொடி எழுத்து ஆங்கிலம். பக்க விளைவுகள் என்ற பகுதியை ஒன்றுவிடாமல் தமிழில் எழுதி, அம்மாவுக்கும் மனைவிக்கும் உரக்க வாசித்தேன். கை வலி, வீக்கம், தலைவலி, காய்ச்சல், மயக்கம் என்று பதினோரு வரி வந்தது.

அம்மா சாமளாபுரத்தில் பத்து வருசம் விசைத்தறி ஓட்டியவர். எதற்கும் அசராதவர், அன்று வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏந்தம்பி, இத்தனையும் வருமா?"

தாளை மறுபடி புரட்டிப் பார்த்தேன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் குவாலிட்டி பார்க்கிறவன். சந்தேகம் வந்த பெட்டியின் மேல் 'ஹோல்டு' என்று சீட்டு ஒட்டிவிடுவோம். முடிவு தெரியும்வரை அது நகராது. அந்தப் பழக்கத்தில், "கொஞ்ச நாள் ஹோல்டுல வெப்போம்" என்றேன்.

"அதுதான் சரி சாமி" என்றார் அம்மா. "நீ என்ற வயித்துல இருந்தப்ப நர்ஸம்மா வந்து போட்ட ஊசியோட சரி. இப்ப என்ன புதுசு புதுசா?"

மனைவி என்னையே பார்த்தாள். "என்னையுமா மாமா ஹோல்டுல போட்டுட்டீங்க? ஷிப்மென்ட் தேதி நிக்காதுங்க."

அவளும் அதே கம்பெனியில்தான், செக்கிங் மேசையில் இருக்கிறாள். தைத்து வரும் டீ-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. அந்த வாரம் அவள் மேசையில் மூன்று பேர் காய்ச்சலில் லீவு. நாலாவது ஆள் அவள் பக்கத்திலேயே நின்று இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமலை நான் என் இடத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கம்பெனி கேட் அருகே அவள் ஒரு தும்மல் போட்டாள். வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டேன்.

"பஞ்சு தூசிங்க மாமா, பதறாதீங்க" என்று சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நான் எழுதிய தாளை எடுத்து விரித்தாள்.

"இதை எழுதுனது யாரு, நேத்து வேலைக்குச் சேர்ந்த ஆளுங்களா?"

"ஏன், என்ன தப்பு?"

"எல்லாத்தையும் வரிசையா எழுதி வெச்சிருக்கறீங்க. எது மைனரு, எது மேஜருன்னு போடவே இல்லீங்களே. நூல் தொங்கறதும் ஓட்டையும் ஒண்ணுங்களா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லித் தரும் முதல் பாடம் அது. குறை என்று எழுதினால் போதாது. நூலை வெட்டினால் சரியாகிவிடுகிற மைனரா, துணியையே ஒதுக்க வேண்டிய மேஜரா என்று பிரித்தால்தான் முடிவெடுக்க முடியும்.

அவள் விடவில்லை. "அப்பறம், ஊசி போடாம காய்ச்சல் வந்தா என்ன ஆகும்னு இன்னொரு தாள் எங்கீங்க?"

அந்தத் தாளை நான் எழுதவே இல்லை.

மறுநாளே மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். என் பட்டியலை நீட்டி, "மைனர் மேஜர் பிரிச்சுக் குடுங்க மேடம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். கை வலி, வீக்கம், லேசான காய்ச்சல், எல்லாம் ஒன்றிரண்டு நாளில் போய்விடும், மைனர். கடுமையான அலர்ஜி மேஜர். ரொம்ப அபூர்வம், அதற்காகத்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் இங்கேயே உட்கார வைக்கிறோம் என்றார்.

அம்மா குறுக்கே புகுந்தார். "காய்ச்சல் வரக்கூடாதுன்னு காய்ச்சலையே ஏத்தறதுங்களா?"

"செத்த கிருமிங்கம்மா. அதால காய்ச்சலை உண்டாக்க முடியாது."

"போடாட்டிங்க?" என்று கேட்டாள் மனைவி.

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். மாசமாக இருக்கும்போது இந்தக் காய்ச்சல் நுரையீரல்வரை போகலாம், ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம் என்றார். "பொறந்த குழந்தைக்கு ஆறு மாசம்வரை இந்த ஊசி போட முடியாது. அம்மா போட்டுக்கிட்டா, குழந்தைக்கும் கொஞ்சம் பாதுகாப்பு போகும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மருமகளைப் பார்த்தார். அவள் அதற்குள் இடது சட்டைக் கையை மேலே சுருட்டியிருந்தாள்.

ஊசி குத்தியபோது கண்ணை மூடிக்கொண்டது நான்தான். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவள் வயிற்றில் கை வைத்தாள்.

"என்ன அம்மிணி, என்ன பண்ணுது?" அம்மா எழுந்தே விட்டார்.

"உதைக்குதுங்க அத்தை."

"ஊசி போட்டதுக்கா?"

"பசிக்குங்க."

நேரம் முடிந்ததும் எதிர் பேக்கரிக்குப் போனோம். தேங்காய் பன் கேட்டாள். கை வலிக்குது என்று சொல்லி, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையாலேயே இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதை அம்மா பிட்டு ஊட்டிவிட்டார்.