சித்தி எழுதாமல் விட்ட சண்டை

என் சித்தி எழுதியதைக் குப்பை என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அதில் ஒரு பக்கம் படித்தவர் இல்லை. அட்டையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அட்டையில் ஒரு பெண் தலைகுனிந்து சிரிப்பாள், பின்னால் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அந்த அட்டையைப் போட்டவன் சென்னையில் எவனோ. உள்ளே இருக்கும் பக்கங்களுக்கு சித்தி பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குக் கோபம் வருகிறது.

சித்தி என் அம்மாவின் தங்கை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாத நாவல்களில் காதல் கதை எழுதுவாள். அவள் கதாநாயகர்கள் எல்லோரும் உயரமாக இருப்பார்கள், எல்லோரும் சாயங்காலம் மல்லிப்பூ வாங்கி வருவார்கள். அதைச் சொல்லி நானும் சிரித்தவள்தான். ஆனால் அந்தப் பூவை அவன் கொடுக்கும்போது கதாநாயகி பேசுகிற ஒரு வரிக்காக சித்தி ஏழு தாள் கிழிப்பாள். அடுப்படியில் நின்று அந்த வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். நாக்கு தடுக்கினால் அதை அடித்துவிட்டு வேறு எழுதுவாள். அதற்குள் குழம்பு அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த குழம்பைத்தான் இருவரும் சாப்பிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், மாதா கோயில் வாசலில் எவளாவது ஒருத்தி பிடித்துக்கொள்வாள்.

"ஏத்தா, தாலியே கட்டாதவ. ஒனக்குக் காதலப் பத்தி என்னத்தா தெரியும்?"

"கட்டுனவங்களுக்கு என்ன தெரியுதுன்னு பாக்கத்தான்க்கா பஸ்ல போறேன்" என்பாள் சித்தி.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. நிஜமாகவே அதற்காகத்தான் பஸ்ஸில் போவாள். பேருந்து நிலையத்தில் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும் புருஷன் பொண்டாட்டியைப் பார்த்தால், அவர்கள் ஏறுகிற பஸ்ஸில் தானும் ஏறிப் பின்சீட்டில் உட்காருவாள். சண்டை முடிகிற இடத்தில் இறங்கித் திரும்பி வருவாள். காதில் விழுந்ததைப் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதுவாள். அட்டை கனமாக இருப்பதால் பஸ் குலுங்கினாலும் மடியில் மடங்காதாம். முன்பக்கம் ஆண்டவரின் ஆசீரோடு மணமகன், மணமகள் பெயர். பின்பக்கம் யாரோ இருவர் மீன் வாங்கியதற்காக ஒருவரையொருவர் திட்டியது.

"காதல நான் சொந்தமா எழுதிருவேன் அப்பு. சண்டைய எழுத ஏலாது. அது ஒரு ஆளு வாயிலருந்து வந்ததா இருக்கணும்" என்பாள்.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு வத்தலக்குண்டு பக்கம் சேவுகம்பட்டியில். கோடை விடுமுறைக்கு என்னைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அப்போது அவள் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். கதாநாயகி புருஷனை விட்டுப் போக முடிவு செய்கிற இடம். போவதற்கு முன் அவள் என்ன சொல்வாள் என்பது சித்திக்கு வரவில்லை. பன்னிரண்டு நாளாக வரவில்லை. இரண்டு கெடு தாண்டிவிட்டது. சென்னையிலிருந்து மாத நாவலின் ஆசிரியர் போனில் கத்தினார். திங்கட்கிழமை காலை பக்கங்களைப் படம்பிடித்து வாட்ஸப்பில் அனுப்பாவிட்டால் அந்த மாதம் வேறு ஆளின் நாவல் வரும், இனி அவளிடம் கேட்கப்போவதும் இல்லை என்றார். சித்தி "சரிங்க சார், சரிங்க சார்" என்றாள். போனை வைத்ததும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகப் பேருந்து நிலையம் போனோம். வத்தலக்குண்டு பஸ் அருகே ஒரு ஜோடி நின்றது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள், அந்த ஆள் வானத்தைப் பார்த்தான். சித்தியின் முகம் மலர்ந்தது. பின்னாலேயே ஏறினோம். பஸ்ஸில் கூட்டம். அந்தப் பெண் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் இடம்தான் இருந்தது.

"போ, ஒக்காரு. தூங்குற மாதிரி நடி. காத மட்டும் தொறந்து வச்சுக்க" என்று என்னைத் தள்ளிவிட்டு சித்தி நாலு சீட் தள்ளிக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

நான் கண்ணை மூடினேன். டிரைவர் தலைக்கு மேல் பாட்டு அலறியது. அதையும் மீறிக் கேட்டது இதுதான்: கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தது யார்? அவள் இல்லை என்றாள், அவனும் இல்லை என்றான். செம்பட்டி வரை அதே பேச்சு. செம்பட்டியில் இறங்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டே ஒரு கொய்யாப்பழத்தைப் பாதியாகப் பிய்த்துத் தின்றார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மோட்டார் கதையை வைத்துக்கொண்டு சித்தி என்ன செய்வாள்?

நாங்களும் இறங்கினோம். சித்தி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி மடியில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். "சொல்லு அப்பு. என்ன சொன்னா?"

சொன்னேன். நன்றாக, இடைவெளி விட்டு, எங்கே குரல் இறங்க வேண்டுமோ அங்கே இறக்கிச் சொன்னேன்.

"பதினோரு வருசமா மல்லிப்பூ வாங்கிட்டு வாறீங்க. அத வச்சா எனக்குத் தல வலிக்கும். அது ஒங்களுக்கு இன்னும் தெரியல. இனிமே சொல்றதுக்கும் எனக்குத் தெம்பு இல்ல."

சித்தி பாதி எழுதினாள். பேனா நின்றது.

"அந்தப் பொம்பள தல நெறைய மல்லிப்பூதான வச்சிருந்தா?"

நான் குனிந்து பெஞ்சின் ஆணியைச் சுரண்டினேன். சித்தி என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "சரி, அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. டிவி சத்தத்தக் கூட்டிட்டாரு."

பஸ்ஸில் ஏது டிவி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

"அப்பறம் அவ?"

"அழுகல. பீரோவத் தொறந்து, படிச்ச சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து ஒரு பைல வச்சாங்க. பைய அரிசி டிரம்முக்குப் பின்னாடி வச்சுட்டாங்க."

இவ்வளவு நன்றாகச் சொன்னதற்கு ஒரு முறுக்காவது வாங்கித் தருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேனாவை மூடினாள். பத்திரிகையைக் கைப்பைக்குள் போட்டாள். டீயைக் குடிக்காமல் எழுந்து, அடுத்து வந்த வத்தலக்குண்டு பஸ்ஸில் என்னை ஏற்றினாள். திண்டுக்கல் எதிர்த்திசையில் இருந்தது. பொய் சொன்னதற்குத் தண்டனையாக என் விடுமுறையைப் பாதியில் முடிக்கிறாள் என்று நினைத்து, வழி முழுக்க அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

அம்மா கதவைத் திறந்து திகைத்து நின்றாள். "என்னடி, சொல்லாமக் கொள்ளாம?"

"பசிக்குதுக்கா. என்ன வெஞ்சனம்?" என்று சித்தி நேராக அடுப்படிக்குப் போனாள். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே நின்ற எனக்குக் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

சாயங்காலம் அப்பா வழக்கம்போல் வாழை இலையில் பூப்பொட்டலத்தோடு வந்தார். சித்தி வாசலிலேயே கையை நீட்டினாள்.

"மச்சான், இத எனக்குக் குடுங்க. அக்காளுக்கு இது ஆகாது. சின்னப் புள்ளையிலருந்தே ஆகாது."

"அவ சொல்லவே இல்லையேத்தா."

"சொன்னாளாம் மச்சான். நீங்க கேக்கலையாம்."

அப்பா பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் டிவி ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்த சித்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சென்னைதான். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, அணைத்து, மறுபடி அங்கேயே வைத்தாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நாலு நாள் இருந்தாள். அம்மாவும் அவளும் அந்தச் சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை வத்தலக்குண்டு போய் வந்தார்கள். ஒரு தடவை அப்பாவும் கூடப் போனார். அடுத்த மாதம் அம்மா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சித்திக்கு ஒரு வருஷம் நாவல் வரவில்லை. ஆசிரியர் சொன்னபடி செய்தார். பிறகு வேறொரு ஆசிரியர் கேட்டு, அந்தக் கதை வெளிவந்தது. கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டினேன். பஸ்ஸில் நிஜமாகக் கேட்டது இதுதான் என்று பின்னால் ஒரு நாள் நான் அவளிடம் ஒப்புக்கொண்டபடியே, புருஷனும் பொண்டாட்டியும் கிணற்று மோட்டாரை யார் நிறுத்தியது என்று சண்டை போட்டார்கள். கதாநாயகி போய்விட்டாள். நான் செம்பட்டியில் சொன்ன வரி அந்த நாவலிலும் இல்லை, அதற்குப் பின் வந்த எதிலும் இல்லை. அவள் கதாநாயகர்கள் மல்லிப்பூ வாங்கி வருவதும் நின்றுபோனது.

ஆனால் சித்தி ஊருக்குக் கிளம்பிய அந்த நாலாம் நாள் அதெல்லாம் எனக்குத் தெரியாது. சித்தியை வழியனுப்ப பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"நான் சொன்னத ஏன் சித்தி எழுதல? நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு அப்பு. அதான் எழுதல."

நல்லதை எவளாவது எழுதாமல் விடுவாளா? என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் நீட்டிய ஐஸை வாங்க மறுத்தேன். பஸ் கிளம்பி, அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டியபோது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.